பின் சீட்டின் இடது ஓரம்

ஐயாதுரை தன்னுடைய மோட்டார் சைக்கிளின் பின் சீட்டில், இரண்டு கால்களையும் இடப்பக்கம் தொங்கப் போட்டுக்கொண்டு, பெண்பிள்ளை மாதிரி ஒருச்சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வேட்டி நழுவாமல் இருக்க ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"தோளப் புடிங்க அண்ணாச்சி. மதினி எங்கன புடிப்பாக?" என்று முன்னால் இருந்து கேட்டான் சோலைராஜ்.

அது ஐயாதுரைக்குத் தெரியவில்லை. வண்டி வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. ஒன்பது வருஷமும் மனைவி செல்லத்தாய் அவருக்குப் பின்னால்தான் உட்கார்ந்து வந்திருக்கிறாள். தோளில் அவள் கை பட்டதாக நினைவு இல்லை.

"தெரியலையே சோலை" என்றார்.

ராஜபாளையத்துக் கடைத்தெருவில் அப்போதுதான் கடைகள் திறந்துகொண்டிருந்தன. சோலைராஜ் சீட்டு தைக்கிறவன். பழைய சீட்டைப் பிரித்துப் போட்டு, தகரத்துக்கு மேல் ரப்பர் பூசிய தேங்காய் நார், அதற்கு மேல் ஸ்பாஞ்ச் என்று அடுக்கி, ரெக்சினை இன்னும் மூடித் தைக்காமல், ஒரு சாக்கை மேலே போட்டுக் கட்டி, "ஓட்டிப் பாத்துட்டுத்தான் மூடுவேன். மதினி உக்காருத மாதிரி நீங்க உக்காருங்க, நான் ஓட்டுதேன்" என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டான். ஐயாதுரை தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்த மனுஷன். ஊரில் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியும். டீக்கடை வாசலில் இருந்து ஒருவர் கூப்பிட்டே கேட்டார்.

"என்ன சார், மறுவீட்டுக்கா? மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?"

"பொண்ணுக்கு வெக்கத்தப் பாரும்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

ஐயாதுரையும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் வண்டி ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைத் தாண்டியது. அடி நேராக இடுப்பெலும்பில் விழுந்தது. காலுக்குப் பிடிமானம் இல்லை. மேடு வருகிறது, பள்ளம் வருகிறது என்று முன்னாலேயே தெரிந்து உடம்பைத் தயார் பண்ணிக்கொள்ள வழியில்லை. ஓட்டுகிறவனுக்குத் தெரிகிற குழி, பின்னால் இருப்பவருக்குத் தெரிவதில்லை. உடம்பின் பாரம் முழுதும் சீட்டின் இடது ஓரத்தில்தான் நின்றது. நடுவில் எவ்வளவு மெத்தை இருந்தும் ஒரு பிரயோசனமும் இல்லை.

"நிறுத்து சோலை" என்றார்.

இறங்கி நின்று வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டு, "இந்த ஓரம்தான்" என்றார்.

"அதத்தான சொல்லுதேன். ஒருச்சாஞ்சு உக்காருதவுகளுக்கு இந்த ஓரந்தான் சீட்டு. மத்ததெல்லாம் அலங்காரம். இங்கன ஒரு விரக்கடை நாரு கூட வைக்கேன். முன்னால சரியாம, உங்க முதுகுல வந்து முட்டாம இருக்க இந்தப் பக்கத்த கொஞ்சம் தூக்கணும். சும்மா மெத்துன்னு ஸ்பாஞ்ச மட்டும் வச்சா கடையில உக்காந்து பாக்க நல்லாருக்கும், பத்து மைல் போனா அமுங்கித் தகரம் குத்தும். போன தடவ யாரு போட்டுக் குடுத்தது?"

"திருவில்லிபுத்தூர்ல ஒரு ஆளு."

"மதினி ஒண்ணும் சொல்லலையா?"

"நல்லாத்தான் இருக்குன்னா."

சோலைராஜ் குனிந்து அந்த ஓரத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான். ஐயாதுரை தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இதுவரை மூன்று தடவை சீட்டு மாற்றியாயிற்று. மூன்று தடவையும் அவர் திரும்பிப் பார்க்காமல் "எப்படி இருக்கு?" என்று கேட்டார். மூன்று தடவையும் முதுகுக்குப் பின்னால் இருந்து "நல்லாத்தான் இருக்கு" என்றுதான் பதில் வந்தது.

செல்லத்தாய்க்குக் கர்ப்பப்பையில் ஆரம்பித்த நோவு தை மாதமே இடுப்பு எலும்புக்கு இறங்கிவிட்டது. மதுரையில் இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வலிக்கு ஊசி மட்டும் போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது ஆவணி. உடம்பில் தோலும் எலும்பும்தான் மிச்சம். போன வாரம் ஒரு நாள் கஞ்சியைக் குடித்துவிட்டு, "கூமாப்பட்டிக்கு ஒரு தடவ போயிட்டு வரணும்" என்றாள்.

கூமாப்பட்டி அவள் பிறந்த ஊர். அங்கே இருப்பது அவள் தம்பி கண்ணுச்சாமி. தாயில்லாத பிள்ளையை அவள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். அந்தத் தம்பி ஏழு வருஷமாக இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

காரணம் ஐயாதுரைதான். மகள் பரிபூரணத்துக்குக் கல்யாணம் வைத்த சமயம், ஆபீஸில் ஆள் பற்றாக்குறை, லீவு கிடைக்கவில்லை. "தாய்மாமனுக்கு வெத்தல பாக்கோட நேர்ல போய்ச் சொல்லணும்" என்று செல்லத்தாய் தினமும் சொன்னாள். ஐயாதுரை யோசித்தார். எல்லோருக்கும் சாதாத் தபாலில் பத்திரிகை அனுப்பியவர், மச்சினனுக்கு மட்டும் ஒப்புகைச் சீட்டு வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினார். அவர் அறிந்த உலகத்தில் ஒரு மனுஷனுக்கு அதற்கு மேல் மரியாதை கிடையாது. கண்ணுச்சாமி அறிந்த உலகத்தில் பதிவுத் தபால் என்றால் வக்கீல் நோட்டீஸ். தென்னந்தோப்பில் ஆட்கள் மத்தியில் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தால், உள்ளே அக்கா மகள் கல்யாணப் பத்திரிகை. ஒப்புகைச் சீட்டு அவன் கையெழுத்தோடு ஒழுங்காகத் திரும்பி வந்தது. அவன் வரவில்லை. மணவறையில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு ஒன்றுவிட்ட மாமன் நின்றார்.

அதற்குப் பிறகு எங்காவது விசேஷத்தில் எதிர்ப்பட்டால், 'மச்சான்' என்று கூப்பிட்ட வாயால் 'சார்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவான்.

"கார் பேசட்டுமா?" என்று ஐயாதுரை கேட்டதற்குச் செல்லத்தாய் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"கார்ல போனா சீக்காளிய ஏத்திக்கிட்டு வந்த மாதிரி இருக்கும். வாசல்ல வண்டி நின்னு, நானா எறங்கிப் போகணும். விருந்துக்கு வந்த மாதிரி."

"வலி தாங்குவியா ஏட்டி?"

"உக்காந்துக்கிடுவேன்."

தலையணையைக் கட்டிப் பார்த்தார்கள்; வழுக்கியது. பரிபூரணம் வேண்டாம் என்று அழுதாள். அப்போதுதான் ஐயாதுரை இந்தச் சீட்டு வேலையில் இறங்கினார். இன்று வியாழக்கிழமை, பத்து மணிக்குக் கிளம்புவதென்று முடிவாகியிருந்தது.

சோலைராஜ் சொன்னபடி இடது ஓரத்தை உயர்த்தினான். பட்டுச் சேலை வழுக்காத சொரசொரப்பான ரெக்சினாகத் தேர்ந்தெடுத்தான். பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ள ஒரு வாரும், கால் வைக்க அகலமாக ஒரு பலகையும் வைத்தான். முடிந்ததும் ஐயாதுரை கடை வாசலிலேயே மறுபடி ஒருச்சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். யார் சிரித்தாலும் சிரிக்கட்டும் என்று செத்த நேரம் அப்படியே இருந்தார்.

வீட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி ஹாரனை அடித்தார். அவள் வர நேரமாகும் என்று தெரியும். ஆனாலும் இன்னொரு தடவை அடித்தார். உள்ளே இருந்து அவருடைய அக்கா சுடலையம்மாள் வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஹாரன அடிக்காதல" என்றாள்.

அவள் சொன்ன விதத்தில் அவருக்கு விளங்கிவிட்டது.

செல்லத்தாய் கூடத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தவாக்கிலேயே இருந்தாள். மாம்பழ மஞ்சளில் சேலை. தலை சீவி, கனகாம்பரம் வைத்து, முகத்துக்குப் பவுடர் பூசியிருந்தது. காலில் செருப்பு. பரிபூரணம் தரையில் உட்கார்ந்து அம்மாவின் முழங்காலில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

"செருப்ப மாட்டி விடுட்டின்னாப்பா" என்றாள் தலையைத் தூக்காமல். "அப்பா வந்த பொறவு மாட்டிக்கிடலாம்னேன். இல்ல, இப்பவே மாட்டுன்னா. ஒரு கால மாட்டிட்டு அடுத்த காலத் தூக்குதேன், கால் கனக்குது."

"எத்தன மணிக்கு?"

"ரேடியோவுல ஒம்பது அடிச்சிச்சு."

ஒன்பது மணிக்கு அவர் ரயில்வே கேட்டில் இருந்தார்.

பதினோரு மணிக்குள் தெருவில் பந்தல் போட ஆள் வந்துவிட்டது. செல்லத்தாயைத் தெற்கே தலை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். ஆக வேண்டிய காரியங்களைச் சுடலையம்மாள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்து போர்த்தாமல் பொம்பளையை எடுக்க முடியாது. பேச்சு அங்கே வந்து நின்றது.

"கூமாப்பட்டித் தபாலாபீஸுக்குப் போன் போட்டுச் சொல்லச் சொல்லுவமாப்பா? இல்ல தந்தி…" என்று கேட்ட பரிபூரணம், பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

"அவன் வருவாங்கியா நீ?" என்றாள் சுடலையம்மாள். "கல்யாணத்துக்கே வராதவன். வராட்டா போறான், பொறந்தவ இடத்துல இருந்து நானே ஒரு கோடிய எடுத்துப் போட்டுருதேன். நாத்தி போட்டா ஆகாதுன்னு எவ சொல்லுவா?"

ஐயாதுரை எழுந்து ஆணியில் இருந்த சட்டையை எடுத்தார்.

"எங்கல போற?"

"கூமாப்பட்டிக்கு."

சுடலையம்மாள் தலைமாட்டை விட்டு எழுந்தே வந்துவிட்டாள். "கூறு கெட்டுப் போச்சா ஒனக்கு? பொணத்தக் கூடத்துல போட்டுட்டுப் புருசங்காரன் துட்டி சொல்லப் போறது எந்த ஊர்லயாவது உண்டா? சனம் சிரிக்கும்ல. இந்தா எளவட்டங்க நாலு பேரு நிக்கானுவ, ஒருத்தன அனுப்பு."

"ஆள் அனுப்புனா அதுவும் தபால்தான் அக்கா" என்றார் ஐயாதுரை.

சுடலையம்மாள் தலைமாட்டுக்கே திரும்பிப் போனாள். தெருவில் நின்றவர்கள் வழி விட்டார்கள்.

பின்னால் ஆள் இல்லாத வண்டி ஒவ்வொரு மேட்டிலும் துள்ளியது. வழக்கத்தில் அவர் வேகமாகப் போகிறவர். இன்று எல்லாக் குழியும் கண்ணில் பட்டது. திருவில்லிபுத்தூர் கோபுரம் தெரிந்தது, ஊரைத் தாண்டினார். கிருஷ்ணன்கோவிலில் கல்லூரிப் பஸ் ஒன்று பையன்களின் பாட்டுச் சத்தத்தோடு எதிரே வந்து போனது. வத்திராயிருப்பு சாலையில் திரும்பியதும் மலை கிட்டே வந்தது. அந்த மலையைப் பார்த்ததும்தான் கண் நிறைந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஓட்டினார்.

கண்ணுச்சாமி வீட்டை ஒட்டிய தோப்பில் மோட்டார் ரூம் வாசலில் குழாயைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தான். கையெல்லாம் கிரீஸ். வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குழாயில் குனிந்தான். காதோரம் நரைத்திருந்தது. குனிகிறபோது அக்காளின் சாடை அப்படியே இருந்தது.

"சார் வந்துருக்கீகளோ? ரிஜிஸ்டர் ஏதும் உண்டா? எங்கன கையெழுத்துப் போடணும்?"

ஐயாதுரை வண்டியை ஸ்டாண்டு போட்டார்.

"நேர்ல வந்துருக்கேன் மாப்ள" என்றார்.

குழாயில் இருந்த கை நின்றது. கண்ணுச்சாமி நிமிர்ந்து முதலில் அவரைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் வண்டியைப் பார்த்தான். பிறகு வண்டிக்கும் அந்தப் பக்கம், வரப்பு வரைக்கும் பார்த்தான்.

"அக்கா எங்க?"

ஐயாதுரை கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஒரு தென்னைமட்டை எங்கோ விழுந்த சத்தம் கேட்டது.

"எப்ப?" என்றான் கண்ணுச்சாமி.

"காலையில. ஒம்பதுக்கு."

அவன் கிரீஸ் கையைத் துடைக்கத் துணி தேடினான். பக்கத்திலேயே கிடந்த துணியை விட்டுவிட்டு எங்கெங்கோ தேடினான். வீட்டுக்குள் இருந்து அவன் பொண்டாட்டி அழகுத்தாய் வந்து, "வாங்கண்ணே" என்றவள், இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். அவளுடைய அழுகை தோப்பு முழுக்கக் கேட்டது. கண்ணுச்சாமி அழவில்லை. தொட்டியில் கை கழுவினான். சோப்பைப் போட்டுப் போட்டு, கை வெளுத்த பிறகும் கழுவிக்கொண்டே இருந்தான்.

"நீங்க முன்னால போங்க" என்றான் திரும்பாமல். "நான் பஸ்ஸுக்கு வாரேன்."

"பஸ்ஸு ரெண்டு மணிக்குத்தான" என்றாள் அழகுத்தாய் மூக்கைச் சிந்திக்கொண்டு. "அதுல போய் எப்ப சேருவீக? நான் சனத்தக் கூட்டிக்கிட்டுப் பஸ்ல வாரேன். நீங்க ஏறுங்க. சொல்லுதேன்ல, ஏறுங்க. நம்ம கோபத்துக்கு அவுக என்ன செய்வாக, கிடத்தி வச்சுக்கிட்டுக் காத்துக்கெடக்காக."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்தான். செல்லத்தாயின் இடத்தில் அவளை விட இரண்டு மடங்கு பாரம் ஏறியதும் வண்டி தணிந்து நின்றது.

ஊரைத் தாண்டினார்கள்.

"இந்த ஓரம் ஏன் இப்படி மேடா இருக்கு?" என்று கேட்டான் கண்ணுச்சாமி. "தொடையில உறுத்துது."

"ஒங்க அக்காவுக்குப் போட்டது. இன்னைக்குக் காலையிலதான் முடிஞ்சது. ஒங்க வீட்டுக்கு வாரதுக்கு."

காற்றுச் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ என்று ஐயாதுரைக்குச் சந்தேகமாக இருந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு பதில் வந்தது.

"வரணும்னு அக்கா சொன்னாளா? நீங்க சொன்னீகளா?"

"அவதான் சொன்னா" என்றார் ஐயாதுரை. பிறகு, "எனக்கு இந்த ஏழு வருசத்துல தோணல" என்றார்.

கண்ணுச்சாமி "ம்" என்றான். அந்த 'ம்' மன்னித்ததா, இல்லையா என்று அவரால் கண்டுகொள்ள முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் அவன் மூச்சு மட்டும் பெரிது பெரிதாக வந்தது. அவர் வண்டியை இன்னும் மெதுவாக்கினார். ஒரு குழி வந்தபோது, "பள்ளம்" என்று முன்கூட்டியே சொன்னார். அடுத்த குழிக்கும் சொன்னார். கிருஷ்ணன்கோவில் வரும் வரை அதைத் தவிர அவர் வேறொன்றும் பேசவில்லை.

திருவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடை முன்னால், "நிறுத்துங்க" என்றான் கண்ணுச்சாமி.

உச்சிவெயில் நேரம். கடையில் கூட்டம் இல்லை. பொம்பளை இல்லாமல், புழுதியும் வியர்வையுமாக இரண்டு ஆண்கள் சேலை வாங்க வந்து நின்றால் கடைக்காரருக்குத் தெரியாதா? வயதான மனுஷர். மெல்லிய குரலில், "துட்டிக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஓரத்தில் அடுக்கியிருந்த சிவப்புச் சேலைகளில் ஒன்றை எடுத்துப் போட்டார். ஒரு தடவை உதறினால் கிழிந்துவிடும் போன்ற சேலை.

"இது வேண்டாம். கட்டுற சேலையாக் காட்டுங்க" என்றான் கண்ணுச்சாமி.

கடைக்காரர் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அந்தச் சிவப்புச் சேலையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, பின்னால் திரும்பி மேல்தட்டில் இருந்து எடுத்து எடுத்துப் போட்டார். கண்ணுச்சாமி பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தான். ஒன்றில் கரை சிறிதாக இருந்தது. ஒன்று கனமாக இருந்தது. "அக்காவுக்கு வெயிட்டு ஆகாது" என்று தள்ளினான். ஒன்றை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். ஐயாதுரை தூணில் சாய்ந்து நின்றார். மணி ஒன்றரை ஆகியிருந்தது. வீட்டில் காத்திருப்பார்கள். அவர் அவசரப்படுத்தவில்லை.

கடைசியில் மயில்கழுத்து நிறத்தில் ஒன்று கண்ணுச்சாமி மடியில் தங்கியது. முந்தியை விரித்துத் தடவிப் பார்த்தான்.

"மச்சான், இது எப்படி?"

ஐயாதுரை குனிந்து சேலையைத் தொட்டார். "நல்லா…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டு, தலையை மட்டும் அசைத்தார்.

கண்ணுச்சாமி கடைக்காரரிடம் திரும்பினான்.

"இது துவைச்சா சாயம் போகுமா?"

கடைக்காரர் அவனைப் பார்த்தார். ஐயாதுரையையும் பார்த்தார். பிறகு, பக்கத்தில் இருந்த செம்பில் ஆள்காட்டி விரலை நனைத்து, சேலையின் கரையில் வைத்து மூன்று நான்கு தடவை அழுத்தித் தேய்த்தார். விரலை உயர்த்தி, இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி வெளிச்சத்தில் காட்டினார்.

"பாருங்க" என்றார். "ஒட்டல."

இரண்டு பேரும் அந்த ஈர விரலைப் பார்த்தார்கள்.